எங்க மெட்டை ஆல்ட்டோக்காரங்க திருடின கதை

...திருடிட்டாங்கம்மா! வேற என்னன்னு சொல்றது? எங்க மெட்டை அப்படியே அலாக்கா தூக்கிட்டாங்க. ரிகாவுல, பட்டப்பகல்ல, நடுவர்கள் மூணு பேர் கண்ணு முன்னால. உக்காரு, உக்காரு. இது கம்பளிப் பாவாடை, பாதி சீட்டை இதுவே புடிச்சுக்கும். இரு, இழுத்துக்கறேன். எங்க எறங்கணும் நீ? வால்மியெராவா? அட, எங்க ஊரு! அப்ப ரெண்டு மணி நேரம் இருக்கு. நல்லதாப் போச்சு.

ஆமா, தேர்வுப் பாட்டுக்குத்தான் போயிட்டு வரோம். பின்ன என்ன, ஏப்ரல் மாசக் குளிர்ல மேடைக்குப் போடற இந்தப் பாரம்பரியக் கிரீடத்தையும், நெஞ்சுல குத்தற அரைக் கிலோ வெள்ளி புரூச்சையும் மாட்டிக்கிட்டு ஊர் சுத்தவா கெளம்புவேன்? தலையில முள்ளு குத்தற மாதிரி குத்துது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, நாடு பூரா இருக்கற பாட்டுக் குழுக்கள் எல்லாம் ரிகாவுல கூடற விழா. அங்க மேஜபார்க்ஸ் பெரிய மேடையில ஏறணும்னா நடுவர் மார்க் போடணும். போட்டாங்க. ரொம்ப தாராளமா போட்டாங்க! என் காலணி சைஸே அதைவிட ஜாஸ்தி.

அதுல ஒருத்தி, மூக்கு நுனியில கண்ணாடி, சொல்றா: "இந்த வருஷம் கேட்ட குழுக்கள்ல பெண்கள் இவ்வளவு ஒற்றுமையா பாடினது இங்கதான்." பாராட்டுன்னு நெனச்சு நான் தலையை வேற ஆட்டிட்டேன். அப்பறம்தான் பக்கத்துல இருந்தவ காலை மிதிச்சா.

புரியலையா? சோப்ரானோ, அதான் நாங்க, மேல பாடுவோம், மெட்டு எங்களோடது. ஆல்ட்டோ கீழ பாடணும், அவங்களுக்குத் தனி வரி. ரெண்டும் சேந்தாதானே பாட்டு? இங்க பன்னெண்டு ஆல்ட்டோவும் வாயைத் தெறந்து... எங்க மெட்டைப் பாடறாங்க! எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு, இன்னைக்கு நம்ம குரல் என்னடா இப்படி எடுக்குதுன்னு. அப்பறம் பாத்தா ஊல்டிஸ், முன்னால நின்னு எங்களைப் பாட வைக்கறவன், கையை வீசிக்கிட்டே இருக்கான், மூஞ்சி பீட்ரூட் சூப்பு கலர்ல ஆயிடுச்சு.

எல்லாம் யாரால? அதோ, நாலு வரிசை தள்ளி, முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கா பாரு. பச்சை சால்வை. வெல்டா. ஆல்ட்டோவுக்குத் தலைவி. மெல்லப் பேசறதா? நான் எதுக்கு மெல்லப் பேசணும்? அவளுக்குத்தான் காது போயிடுச்சே. பஸ்லயே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். "வெல்டா, காது போனா மரியாதையா எறங்கிடணும், கூட இருக்கற பதினோரு பேரையும் பள்ளத்துல தள்ளக் கூடாது"ன்னேன். நாப்பது பேரும் கேட்டாங்க.

ஆமாம்மா, குழுவுக்குத் தனி பஸ் இருந்துச்சு. ஹீட்டர் போட்ட பஸ், மெத்து சீட்டு. நான் இங்க ரயில்ல உக்காந்து குளிர்ல விறைக்கறேன், ஏன்? சொல்றேன். நடுவர்கள் பெரிய மனசு பண்ணி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்து பாடுங்கன்னாங்க. அதுதான் கடைசி வாய்ப்பு. பஸ்ல ஏறினதும் நான் எந்திரிச்சு சொன்னேன்: வெல்டா இல்லாம போவோம். கை தூக்குங்கன்னேன். முப்பத்தோரு கை. அவ சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டு எந்திரிச்சா. டிரைவர்கிட்ட போயி ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்லி எறங்கிட்டா. எழுபத்தோரு வயசு, முட்டி வேற சரியில்ல. ஊல்டிஸ் என்னைப் பாத்தான். "பிருட்டா, தொடங்கினது நீங்க, கூடப் போயி பத்திரமா வீட்டுல விட்டுட்டு வாங்க"ன்னான். எனக்குக் கெடச்ச பரிசு! இதுல அவ என்கூட உக்கார மாட்டாளாம். பக்கத்து சீட்டுல பையை வச்சுட்டா.

இந்தா, பன் சாப்பிடு. பன்னிக்கொழுப்பும் வெங்காயமும் வச்சது, காலையில சுட்டது. பஸ்ல வெற்றி விருந்துக்குன்னு அறுபது சுட்டேன். வெற்றி! சாப்பிடு, இல்லேன்னா கோழிக்குத்தான் போடணும்.

என்ன கேட்ட? பன்னெண்டு பேரும் எப்படி ஒரே மாதிரி தப்பா...? நல்லா கேட்ட. ஒருத்தி முன்னால பாட, மத்தவங்க பின்னாலயே. அவ்வளவுதான். ஒத்திகையா? எங்க நடந்துச்சு ஒத்திகை? மூணு வாரம் பொம்பளைங்க பாதிப்பேருக்கு ஃப்ளூ. ஆம்பளைங்களுக்கு வியாழக்கிழமை தனி ஒத்திகை, முடிஞ்சதும் பீர் உண்டுங்கறதால காய்ச்சல்லகூட ஒருத்தன் விடாம வந்து ஒழுங்கா கத்துக்கிட்டான். தேர்வுக்குப் பதினாலு பாட்டு தயார் பண்ணணும், குலுக்கல்ல வர்றதைப் பாடணும்; அதுல பதிமூணு எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. அந்தப் பதினாலாவது புதுசு. குலுக்கல்ல அது வரவே வராதுன்னு ஊல்டிஸ் சத்தியம் பண்ணான். டப்பாவுக்குள்ள நடுவர் கையை விட்டாரு, முதல்ல வந்து விழுந்தது அதேதான். போனைக் கேட்டு வீட்டுல கத்துக்கிட்டதை வச்சுப் பாட வேண்டியதாப் போச்சு.

ஆமாமா, போன்லதான் கத்துக்குவோம். ஊல்டிஸ் ஒவ்வொரு குரலுக்கும் தனி ஃபைல் பண்ணுவான். இடது காதுல உன் குரல் மட்டும், வலது காதுல மத்தவங்க. முதல்ல இடது காதுல மட்டும் மாட்டிக்கிட்டு மனப்பாடம் பண்ணு, அப்பறம்தான் வலது. அது அவன் போட்ட சட்டம். எங்களுக்கும் வசதி. வலது காது அடுப்புக்கு, வாசல் மணிக்கு, கோழிக்கூண்டுக்கு. நோட்டைப் பாத்துப் படிக்கத் தெரிஞ்சது குழுவுல மூணே பேர்தான், அதுல ரெண்டு பேரு படிக்கற மாதிரி நடிப்பாங்க.

அந்த ஃபைலுங்களைப் பத்திக் கேளு, அதுதான் பெரிய கூத்து. முந்நூறு பாட்டு, பாட்டுக்கு நாலு குரல், ஆயிரத்து இருநூறு ஃபைல். எல்லாம் வேவ் ஃபைலு. ஒண்ணொண்ணும் பன்றிக்குட்டி கனம். இணையத்துல குழுவுக்குன்னு இருக்கற இடம் நிரம்பிப் போச்சு, இதுக்கு மேல வேணும்னா பணம் கட்டுன்னு தினமும் கடுதாசி. கிழவங்க போனு வேற, ரெண்டு பாட்டு எறங்கினதும் செத்துப் போகும். இதைச் சரி பண்ண யாரு வந்தா? இசைக் கல்லூரியில படிச்ச ஊல்டிஸா? ஆம்பளைங்கள்ல மேல் குரல் பாடற, கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கற அந்த டெனர் பையனா? எல்லாரும் கூரையைப் பாத்தாங்க. நான் வந்தேன்! முப்பது வருஷம் தபாலாபீஸ்ல வேலை பாத்த பிருட்டா!

எம்பி3யா மாத்தறதுக்கு ஒரு நிரலை எறக்கினேன். ஓசிதான். ஃபைலை எல்லாம் மொத்தமா அள்ளி உள்ள போட்டேன், மூணு நாள் ராப்பகலா ஓடுச்சு, மெஷின் அடுப்பு மாதிரி கொதிச்சுது, பூனை அது மேல ஏறிப் படுத்துக்கிச்சு. முடிஞ்சு பாத்தா இருந்த இடத்துல இருபதுல ஒரு பங்குகூட இல்ல! பழசெல்லாத்தையும் அழிச்சேன். "நிச்சயமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. நிச்சயமா! தபாலாபீஸ்ல இருந்தவகிட்ட போயி நிச்சயமாவாம். கூட்டத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க, ஒரு ஜாடி தேன் குடுத்தாங்க. வெல்டாகூட கட்டிப் புடிச்சு, "நீ இல்லேன்னா இந்தக் குழு என்ன ஆகும் பிருட்டா"ன்னா. ம்... சொன்னா.

இப்படி அருமையா மாத்திக் குடுத்த ஃபைலைக் கேட்டுட்டு ஒருத்தி தப்பா கத்துக்கறான்னா, கோளாறு ஃபைல்லயா காதுலயா? நீயே சொல்லு. இரு, நம்ப மாட்ட. இந்தப் போன்ல நாலு குரலும் இருக்கு, குழுவோட செயலாளர் நான்தானே. இந்தா, இதுதான் ஆல்ட்டோ ஃபைல், அந்தப் பதினாலாவது பாட்டு. மாட்டிக்கோ. இடது காதுல மட்டும். பால் குடிக்கற கொழந்தைகூட கத்துக்கும்.

கேக்குதா? கீழ ஒத்தைக் குரல், கணீர்னு... என்ன? எல்லாம் கேக்குதா? எல்லாம்னா? நீ வலதை மாட்டியிருப்ப. எல்-னு போட்டிருக்கும் பாரு. அதுதானா? சரி, அதை எடுத்துட்டு மத்ததை மாட்டு. ...அதேவா? ரெண்டுலயும் ஒரே மாதிரியா? மேல் குரல்தான் தூக்கலா இருக்கா?

குடு இப்படி. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கும் காது... குடு.

...

...இரும்மா. இரு. பேசாத.

...

அது ஒண்ணு கேட்டுச்சு. மாத்தறதுக்கு முன்னால, அந்த நிரல், ஒரு சின்னக் கட்டம் காட்டி கேட்டுச்சு. இடது வலது ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடவா, இன்னும் பாதி இடம் மிச்சமாகும்னு. மோனோவோ என்னவோ. பாதி மிச்சம்னதும்... யாருதான் வேண்டாம்பாங்க? கடையில பாதி விலைன்னா நீ வேண்டாம்பியா? டிக் அடிச்சேன்.

என் ஃபைலைக் கேட்டுப் பாத்தேம்மா! பாக்காம இல்ல. சரியாத்தான் இருந்துச்சு. என் மெட்டு கணீர்னு கேட்டுச்சு. நான் சோப்ரானோ... எல்லாத்தையும் கலந்தாலும் மேல நிக்கறது எங்க மெட்டுதானே. எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி ரெண்டு காதுக்கும் தனித்தனியா, ஸ்டீரியோவா மாத்தினா பிரிஞ்சிடாதா? பிரியாதா? பால்ல கலந்த காபி மாதிரியா... ஓ. அப்ப ஆயிரத்து இருநூறும்... பழைய பாட்டு எல்லாம்... அதுல பாடினவங்கள்ல பாதிப்பேர் இப்ப இல்ல தெரியுமா.

சரி. சரி, பதறக் கூடாது. இந்த ஒரு பாட்டை ஊல்டிஸ் பியானோவுல வாசிச்சு மறுபடி பண்ணிடுவான், ரெண்டு நாள் வேலை. "போன் கோளாறு, புது ஃபைல் அனுப்பு"ன்னு சொன்னா போதும். ஆல்ட்டோ எல்லாம் கத்துக்கும், போய்ப் பாடிட்டு வந்துடுவோம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்ல. என்ன அப்படிப் பாக்கற? வெல்டாவா? வெல்டா... அவளுக்கும் வயசாச்சு. பத்து விழா பாத்துட்டா. ஒண்ணு பாக்கலேன்னா குடியா முழுகிடும்? நான்கூடத்தான் போன தடவை கால் முறிஞ்சு போகல. அப்ப யாரு எனக்கு மேடையில இருந்து போன் போட்டு, போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, பாட்டு முழுக்கக் கேக்க வச்சது? ம்? அவதான். கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. சனியன் புடிச்சவ.

ஏம்மா, ஒண்ணு பண்ணு. நீ படிச்ச புள்ள, விவரமா எடுத்துச் சொல்லுவ. நீ போயி அவகிட்ட சொல்லேன், மோனோ ஸ்டீரியோன்னு, தொழில்நுட்பக் கோளாறுன்னு. நான் பின்னாலயே நிக்கறேன். எங்க எந்திரிக்கற? இது சிகுல்டா ஸ்டேஷன், இன்னும் பாதி வழிகூட ஆகல. நீ வால்மியெரான்னியே? ஏம்மா! பையை... சரி, போ, போ. இன்னொரு பன் எடுத்துக்கோ!

போயிட்டா. பாதி பன்னை வேற வச்சுட்டுப் போயிட்டா.

...

வெல்டா. வெல்டா, நான்தான். திரும்ப வேண்டாம், அப்படியே கேளு. அந்த ஃபைலு... நான் மாத்தினேனே, அதுல... அதுல அந்த நிரல் என்ன பண்ணிடுச்சுன்னா... சரி, நிரல் பண்ணல. நான் பண்ணேன். உங்க குரலை எங்க குரலோட கலந்துட்டேன். நீ கேட்டதைத்தான் பாடின. உன் காதுல ஒண்ணும் இல்ல வெல்டா. சொல்லிட்டேன். கொஞ்சம் நகரு, உக்காரணும்.

என்ன? உன்கிட்ட சொன்னா போதாதா? நாப்பது பேரு முன்னால சொன்னியே, நாப்பது பேருக்கும் சொல்லுங்கறியா? இப்பவா? பஸ்ல இப்ப எல்லாரும் பன் தின்னுட்டு... சரி. குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பறேன். பாரு, அழுத்திட்டேன்.

எல்லாருக்கும் வணக்கம், பிருட்டா பேசறேன். எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால... ஏன் மொறைக்கற? அழிச்சுட்டேன், அழிச்சுட்டேன். முதல்லேருந்து.

பிருட்டா பேசறேன். ஆல்ட்டோக்காரங்க தப்பாப் பாடல. நான் ஃபைலை மாத்தறேன்னு கெடுத்தேன், பழசையும் அழிச்சேன். வெல்டா வெளிய போக வேண்டியதில்ல. யாராவது போகணும்னா நான் போறேன். கை தூக்கினவங்க கையை எறக்குங்க, முதல்ல தூக்கினது நான். தேன் ஜாடியைத் திருப்பிக் குடுத்துடறேன், பாதிதான் இருக்கு. அவ்வளவுதான்.

போயிடுச்சு. பாரு, அதுக்குள்ள பதினேழு பேரு கேட்டுட்டாங்க. ஊல்டிஸ் கேட்டுட்டான். பதில் ஒண்ணும் வரல... இப்பவாவது பையை எடு வெல்டா. ரயில் ஆடுது, பாவாடை வேற கனக்குது.

எடுக்க மாட்டியா?

சரி. நின்னுட்டே வரேன்.