கடலி இன்னைக்கு என்ன சாப்பிட்டா?

செல்வி: பேனா எங்கல?

சுடலைராஜ்: பேனாவா... எடுத்துட்டு வரலையே.

செல்வி: கையெழுத்து வாங்க வந்த மேனேஜரு பேனா இல்லாம வாரான். நல்லாருக்கு.

சுடலைராஜ்: சேலையில பாக்கெட்டு எங்க இருக்கு? ஜாக்கெட்டுல சொருவுனா குத்துது.

செல்வி: கிரீடத்துல சொருவியிருக்கலாம்லா.

சுடலைராஜ்: சிரிக்காத. மூணு மணி நேரம் உக்காந்து போட்ட மேக்கப்பு. பேச வச்சு வேர்க்க வச்சிராத.

செல்வி: தசரா சம்காரத்தன்னைக்கு, ராணி வேஷத்துல, பஸ்ஸுல வச்சு அக்ரிமெண்ட நீட்டுத. சென்னை கம்பெனிக்காரன் பாத்தாம்னா மயங்கி விழுந்துருவான்.

சுடலைராஜ்: சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பேப்பரு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். நான் என்ன செய்ய? எங்க தசரா செட்டு வேனு காலையிலயே போயிட்டு. கூப்பிட்டா நீ போன எடுத்தாத்தான...

கண்டக்டர்: சாமிக்கு எங்க? குலசையா?

சுடலைராஜ்: ஆமா அண்ணாச்சி. ஒரு குலசை.

செல்வி: எனக்கு ஆத்தூர். கையெழுத்துப் போட்டுட்டு எறங்கிருவேன்.

கண்டக்டர்: ஏறுன முத்தையாபுரத்துலயே போட்டிருக்கலாமே தாயி. ராணி வேஷம் அம்சமா இருக்கு. எத்தனாவது வருசம் சாமி?

சுடலைராஜ்: ஏழாவது அண்ணாச்சி.

செல்வி: நாளைக்கு விரதக் காப்ப அவுத்துட்டா இவன் ராணி இல்ல, மேனேஜரு. போன்ல பொம்மைப் புள்ளைய வச்சு லைவ் நடத்துற கம்பெனி.

கண்டக்டர்: பொம்மைப் புள்ளையா?

செல்வி: ஆமா. பொம்மைக்குப் பின்னால ஒரு ஆளு வீட்டுல இருந்து பேசணும். ஆளு தலைய ஆட்டுனா பொம்மையும் ஆட்டும். ஆளு சிரிச்சா அதுவும் சிரிக்கும். ஆளு முகம் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

கண்டக்டர்: எம் மவ ஒண்ணு பாக்குமே... நீல முடி, தலையில முத்து... கடலி. நம்ம ஊரு பேச்சு பேசிக்கிட்டு, எப்பப் பாத்தாலும் மீன் கொழம்பு கதைதான்.

செல்வி: அப்படியா அண்ணாச்சி.

கண்டக்டர்: இந்த ஒரு வாரமா அதுக்கு என்னமோ ஆச்சுங்கா எம் மவ. மீனப் பத்தி பேச்சையே காணோமாம். பயத்தங்கஞ்சி, தயிர்சோறு...

சுடலைராஜ்: அண்ணாச்சி, முன்னால ஒருத்தரு டிக்கெட் கேக்காவ.

கண்டக்டர்: இந்தா போறேன் சாமி. அந்தத் துன்னூற கொஞ்சம் குடுங்க, வீட்டுக்குக் கொண்டு போறேன்.

செல்வி: ...கேட்டியால?

சுடலைராஜ்: என்னத்த?

செல்வி: ஒண்ணுமில்ல. பேப்பரக் குடு. எங்கிட்ட பேனா இருக்கு.

சுடலைராஜ்: பஸ்ஸு குலுங்குதுல்லா. கையெழுத்து கோணிரும். பழையகாயல் தாண்டட்டும்.

செல்வி: கோணுனா என்ன? எம் பேரு எழுத்து கூடத் தெரியாத ஆளுவதான பாக்கப் போறாவ. என்ன போட்டிருக்கு, படி.

சுடலைராஜ்: நீயே படியேன்.

செல்வி: எனக்கு கோவம் வரும். நீ படி.

சுடலைராஜ்: 'பேச்சிச்செல்வி ஆகிய நான், கடலி என்கிற கதாபாத்திரத்தை என் சொந்த விருப்பத்தின் பேரில்...' அப்புறம் என்னென்னமோ இருக்கு. விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம்.

செல்வி: சொந்த விருப்பம். மேல சொல்லு.

சுடலைராஜ்: 'இனி அந்தக் குரலையோ, பேச்சையோ, சிரிப்பையோ வேறெங்கும் பயன்படுத்த மாட்டேன்...'

செல்வி: சிரிப்பையுமா? அப்ப வீட்டுல எப்படில சிரிக்க?

சுடலைராஜ்: அது... வக்கீலு எழுதுனது.

செல்வி: 'ஏளா'ன்னு சொல்லாத, பொதுத் தமிழ்ல பேசுன்னாவ. நான் என்ன கெட்ட வார்த்தையா பேசுனேன்? சரி, அதையாவது பாத்துக்கிடலாம்னு இருந்தேன். சீட்டாட்ட ஆப்பு விளம்பரம் பேசச் சொன்னாவ பாரு, அங்கன லைவ்வ நிப்பாட்டிட்டேன். பாக்கது பூராம் பள்ளிக்கூடத்துப் புள்ளைய.

சுடலைராஜ்: நானும் சொல்லிப் பாத்தேன்.

செல்வி: யாருட்ட?

சுடலைராஜ்: மீட்டிங்ல. என் மைக்க மியூட் பண்ணிட்டாவ.

செல்வி: ...ஒம்பது நாளா நான் வாயத் தொறக்கல. மைக்க அட்டப்பொட்டியில போட்டு கட்டிலுக்கடியில தள்ளிட்டேன். ஆனா டெய்லி ஏழு மணிக்கு கடலி வாரா. யாருல அது?

சுடலைராஜ்: கம்பெனி நீதான்னு நெனைக்கி.

செல்வி: நான் இங்கன இருக்கேன்.

சுடலைராஜ்: அவியளுக்கு அது தெரியாது. கோவம் தணிஞ்சு திரும்பி வந்துட்டான்னு சொல்லுதாவ.

செல்வி: போன் போட்டு சொல்லிருதேன், அது நான் இல்லன்னு.

சுடலைராஜ்: சொல்லாத.

செல்வி: ஏன்?

சுடலைராஜ்: சொல்லாதன்னா சொல்லாத.

செல்வி: போன குடு. இப்பவே...

சுடலைராஜ்: பதிமூணாவது பக்கம். பழைய அக்ரிமெண்டுல. தொடர்ந்து ஏழு நாள் லைவ் வரலன்னா கடலி கம்பெனிக்கு. ஒரு வார்த்த கேக்காம வேற ஆள உக்கார வச்சிருவான். வந்துட்டே இருந்தா, வருசம் முடியிற வரைக்கும் உன்ட்ட இருந்து பிடுங்க முடியாது. அதனாலதான் இப்ப கையெழுத்துக்கு கெடந்து பறக்கான்.

செல்வி: இத எங்கிட்ட எப்பச் சொன்ன?

சுடலைராஜ்: கையெழுத்துப் போட்டன்னைக்கே சொன்னேன்லா.

செல்வி: எங்கல சொன்ன? மக்ரூன் வாங்கிக் குடுத்த. 'எல்லாம் நல்லா இருக்கு, போடு'ன்ன.

சுடலைராஜ்: ...மக்ரூனு திங்கும்போது சொன்னேன். நீ கேக்கல.

செல்வி: அப்ப அங்கன உக்காந்து பேசுத ஆளு... எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு.

சுடலைராஜ்: அப்படியும் சொல்லலாம்.

செல்வி: எனக்கு வயிறு எரிஞ்சுதுல, ராஜு. முத நாளு கேட்டப்ப அழுதுட்டேன். எங் கொரலு, எம் பேச்சு, நான் இல்லாமலே போவுது. நாம போனா ஒரு குருவிக்குக் கூட தெரியாதுபோலன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருவோம்னுதான் இன்னைக்கு பஸ் ஏறுனதே.

சுடலைராஜ்: போவலயே. யாரு சொன்னா போவுதுன்னு? லைவ்ல பாதிக் கூட்டத்தக் காணோம். 'அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா, ஏன் சிரிக்க மாட்டேங்கா'ன்னு கேட்டு உயிர எடுக்கானுவ. அந்தச் சிரிப்புதான் எவ்வளவு பண்ணியும் வரல.

செல்வி: யாருக்கு வரல?

சுடலைராஜ்: ...அந்த ஆளுக்கு.

செல்வி: எந்த ஆளுக்கு?

சுடலைராஜ்: முக்காணி பாலம் வந்துட்டு பாரு. ஆத்துல இந்த வருசம் தண்ணி பரவாயில்ல.

செல்வி: தண்ணி கெடக்கட்டும். யாருல பேசுதது?

சுடலைராஜ்: இப்பல்லாம் மெஷினே பேசும்ங்காவ. பழைய லைவ்வ போட்டுக் குடுத்தா...

செல்வி: 'ங்காவ' இருக்கட்டும். நீ சொல்லு. மெஷினா?

சுடலைராஜ்: நான் என்னத்த கண்டேன்...

செல்வி: கைய நீட்டு.

சுடலைராஜ்: எதுக்கு?

செல்வி: நீட்டு. இந்தக் காப்பு கட்டி பத்து நாளாச்சு. இத வச்சுக்கிட்டு நீ பொய் சொல்ல மாட்ட. அதனாலதான் நாளைக்குன்னு தள்ளாம இன்னைக்கே வந்தேன். இப்பச் சொல்லு. மெஷினா?

சுடலைராஜ்: ...பஸ்ஸுல எல்லாரும் பாக்காவ. சாமி கையப் புடிக்காத.

செல்வி: சரி, விட்டுட்டேன். வேற ஒண்ணு கேக்கேன். லைவ் கமெண்ட்ல உப்புவண்டின்னு ஒரு ஆளு வருதுல்லா?

சுடலைராஜ்: அந்தக் கோட்டிப்பயலா? அவனப் பத்திப் பேசாத. தெனமும் ஒரே கேள்வி. 'கடலிக்கா, இன்னைக்கு என்ன சாப்பாடு, கடலிக்கா, இன்னைக்கு என்ன சாப்பாடு.' பதில் சொல்லுத வரைக்கும் விடமாட்டான்.

செல்வி: கடலிக்கு மீனு இல்லாம சோறு எறங்காதுன்னு ஊருக்கே தெரியும். அவன்ட்ட வெளமீன் கொழம்புன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?

சுடலைராஜ்: விரதத்துல இருந்துக்கிட்டு நான் எப்படி...

செல்வி: மேல சொல்லு, ராணி.

சுடலைராஜ்: பாஸ்வேர்டு எங்கிட்ட இருந்துச்சு. கொரல மாத்துத சாஃப்ட்வேரு ஒண்ணு போட்டேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். ஒங்கிட்ட சொன்னா நீ அந்தக் கோவத்துல அவன்ட்டயே போட்டு ஒடச்சிருவ. ஒன்னத் தெரியாதா எனக்கு?

செல்வி: கொரல மாத்திப் பேசுதது பொய் இல்லையாக்கும்?

சுடலைராஜ்: அது வேஷம்லா. ஏழு வருசமா கட்டுதேன். வேஷம் கட்டலாம், வேஷத்துக்குள்ள இருந்துக்கிட்டு பொய் சொல்லக்கூடாது.

செல்வி: அதுக்காவ பயத்தங்கஞ்சியா?

சுடலைராஜ்: அன்னைக்கு அதத்தான குடிச்சேன்.

செல்வி: ஒனக்குப் பயமா இல்லையால?

சுடலைராஜ்: இருக்கு. ஏளா, இன்னைக்கு நான் கூட்டத்துக்குள்ள நிப்பேன், என்னால முடியாது. நாளைக்கு காப்பும் அவுந்துரும், அப்புறம் எனக்கு வேஷம் கிடையாது. நீ வந்தாத்தான் உண்டு. வரமாட்டேன்னா... பேப்பரு இந்தா இருக்கு.

கண்டக்டர்: ஆத்தூர் எல்லாம் எறங்கு. தாயி, கையெழுத்துப் போட்டாச்சா?

செல்வி: இல்ல அண்ணாச்சி, பஸ்ஸு குலுங்குது. ஏலே, பேப்பர நீயே கொண்டு போ. ஆறு மணிக்கு கேட்டான்னா, ஆளு கையெழுத்துப் போடலன்னு சொல்லு. அது உண்மதான.

சுடலைராஜ்: ஏழு மணிக்கு?

செல்வி: மைக்கு கட்டிலுக்கடியிலதான் கெடக்கு. தூசி தட்டணும். போற வழியில நல்ல மீனா ஒண்ணு வாங்கணும்.

சுடலைராஜ்: நெசமாவா... ஏளா, நில்லு. இது நான்தான்னு ஒனக்கு எப்பத் தெரியும்?

செல்வி: முத நாளே. பயத்தங்கஞ்சின்னு சொன்ன பாரு, அங்கனயே அழுகை நின்னு போச்சு. ஆனா கம்பெனிக்காவத்தான் பேசுதன்னு நெனச்சேன், பதிமூணாம் பக்கம் எனக்கு எங்க தெரியும்? அதனாலதான் மிச்ச எட்டு நாளும் உப்புவண்டியா நானே விடாம வந்து கேட்டேன், நீ ஒரு நாளாவது எங்கிட்ட பொய் சொல்லுவியான்னு.