ஆத்துல போடல, ஆர்க்கைவ்ல போட்டேன்

பெயர்: சோபனா. வயது: 36. கணவர் பெயர்: முருகேஷ். முகவரி: மேட்டுத் தெரு, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம். தொழில்: அலுவலகப் பொறுப்பாளர்.

தொழில் என்ற இடத்தில் ஏட்டு கலைவாணன் அவர்கள் முதலில் ‘கூலி’ என்று எழுதினார். நான் பி.காம். முடித்தவள், மண்டியில் பில், மெயில், லோடு மூன்றையும் பார்ப்பவள், கூலி என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னதன் பேரில் அடித்துவிட்டு மேற்கண்டபடி திருத்தினார்.

மாரண்டஹள்ளி மார்க்கெட் அருகில் கருப்பண்ணன் என்பவர் நடத்தும் தக்காளி மண்டியில் நான் ஒன்பது வருடமாக வேலை பார்த்து வருகிறேன். மண்டியின் மெயில்கள் அனைத்தையும் கம்ப்யூட்டர் டப்பாவோடு சேர்த்து ஒகேனக்கல் ஆற்றில் நான் போட்டுவிட்டதாக மேற்படி கருப்பண்ணன் கொடுத்த புகாரின் பேரில் இன்று நிலையத்தில் ஆஜராகி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் தீபாவளி கழிந்து தருமபுரியில் ஒரு மண்டபத்தில் வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம் நடந்தது. மத்தியானம் பிரியாணி போடுவார்கள் என்று யாரோ சொன்னதால் முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போட்டது தக்காளி சாதம். வருடம் முழுக்கத் தக்காளியோடு மாரடிக்கிற மனுஷனுக்குத் தக்காளி சாதம் போட்டால் என்ன ஆகும்? அவர் கோபத்தில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை.

கூட்டத்தில் பேசியவர் ஆர்க்கைவ் என்பதைப் பற்றிச் சொன்னார். ஏட்டையா இதை ‘ஆற்கைவு’ என்று எழுதினார், நான் எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகு சரி செய்தார். அதாவது மண்டிக்கு வருகிற மெயில், மண்டியிலிருந்து போகிற மெயில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் தானாகவே தனி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்பாக்ஸ் நிரம்பி வழிந்தால் பழையதையெல்லாம் எடுத்துவிடலாம், நகல் பத்திரமாக இருக்கும். வேலை செய்கிறவர் நின்றுவிட்டாலும் அவர் எழுதிய மெயில் மண்டியை விட்டுப் போகாது. ‘நான் எப்போ அப்படிச் சொன்னேன்’ என்று எவனாவது பேச்சு மாறினால் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடி எடுத்து மூஞ்சிக்கு நேராகக் காட்டலாம். முக்கியமாக, அதற்குள் போனதை எழுதினவரே நினைத்தாலும் அழிக்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டு நான்தான் ரொம்பத் தலையாட்டினேன்.

அதன் பிறகு மண்டிக்கும் அதைப் போட்டுவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். என்னமோ போடு என்றார். போட்டேன்.

இங்கே இன்னொன்றையும் பதிவு செய்யச் சொல்கிறேன். முதலாளிக்கு இடது காது மந்தம். அதைச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். தக்காளி விலை இறங்கினது என்றால் மட்டும் அந்தக் காதிலும் கேட்கும்.

இப்படி இருக்கையில் சென்ற வாரம் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து சோஹைல் என்பவர் ஒரு லோடுக்கு மெயில் போட்டிருந்தார். அவருக்கு வீட்டில் உருது, ஆபீசில் கன்னடம், நமக்கு மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழில் எழுதுவார். தூர ஊருக்குப் போகிற சரக்கு, அதனால் பழமாக வேண்டாம், காயாக வேண்டும் என்று கேட்டிருந்தார். கேட்டபடியே லாரியில் ஏற்றி அனுப்பினோம். சனிக்கிழமை நான் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டதால் அதுவரை வந்த மெயிலையெல்லாம் எடுத்துவிட்டு, ரைஸ் மில் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் டப்பாவைப் பாலக்கோட்டுக்குச் சர்வீஸுக்குக் கொடுத்து அனுப்பினேன். இரண்டையும் முதலாளியிடம் சொன்னேன். சொன்னது இடது பக்கம் நின்று. அது என் தப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் குடும்பம் சேலத்திலிருந்து வந்திருந்ததால் எல்லோரும் ஒகேனக்கல் போனோம். நாங்கள் பரிசலில் அருவிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். லாரி திரும்பி வந்துவிட்டது என்றார். சோஹைல் வேலை மாறிப் போய்விட்டாராம், புதிதாக வந்தவர், காயை நாங்கள் கேட்கவே இல்லை, கேட்டதற்கு மெயில் இருந்தால் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் காட்டுங்கள், இல்லாவிட்டால் இனி வேறு மண்டியில் எடுத்துக்கொள்கிறோம் என்கிறாராம். போனில் மெயிலைத் திறந்தால் பழசு ஒன்றுகூட இல்லை, ஆபீசுக்கு ஓடினால் மேசை மேல் டப்பாவும் இல்லை, என்னடியம்மா பண்ணி வெச்சிருக்கே என்று கத்தினார்.

பக்கத்தில் அருவி அந்தப் போடு போடுகிறது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். நான் சொன்ன வார்த்தை இதுதான்: “எல்லாத்தையும் ஆர்க்கைவ்ல போட்டுட்டேனுங்க. ஆர்க்கைவ்லதான் இருக்குது, பயப்படாதீங்க.”

அவர் காதில் விழுந்தது: எல்லாத்தையும் ஆத்துல போட்டுட்டேனுங்க, ஆத்துலதான் இருக்குது, பயப்படாதீங்க.

அத்தோடு சிக்னல் போய்விட்டது. நான் போனை அணைத்துவிட்டேன் என்று புகாரில் எழுதியிருப்பது பொய். பரிசலில் இருந்து கொண்டு யாராவது போனோடு விளையாடுவார்களா?

அதன் பிறகு நாங்கள் கரையேறிக் குளித்துவிட்டு, ஒரு கடையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஆற்றோரம் ஒரே கூட்டம். என்னவென்று கடைக்காரம்மாவைக் கேட்டதற்கு, யாரோ பெரிய மனுஷனோட மயில் ஆத்துல விழுந்துடுச்சாம், ஆள் வெச்சுத் தேடறாங்க என்று சொன்னார். மயில் பறக்குமே, எப்படி விழுந்தது என்று நாத்தனார் கேட்டாள். பாவம், வயசான மயிலா இருக்கும் என்று நான் பதில் சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அது மயில் இல்லை, மெயில் என்பதும், தேடினது என் முதலாளி என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

முதலாளி லோடு ஏற்றும் அர்ச்சுனனைக் கூட்டிக்கொண்டு நேராக ஒகேனக்கல் வந்து, மாது என்கிற பரிசல்காரரைப் பிடித்து, கறுப்பு டப்பா ஒன்று கிடக்கும், அதற்குள் என் வியாபாரமே இருக்கிறது என்று சொல்லி முங்கித் தேட வைத்திருக்கிறார். மாது முங்கி எடுத்தது ஒரு குக்கர் மூடி, ஒற்றைச் செருப்பு, ஒரு மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட். நம்பர் பிளேட் சம்பந்தமாகத் தனியாக விசாரித்து வருவதாக ஏட்டையா சொன்னார். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

அதன் பிறகு அவர் ஊருக்குத் திரும்பி என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். இன்று திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்புப் போடும்போது காவலர் ஒருவர் வந்து நின்றார். தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டு ரோசம்மாள், என்னடி சோபனா, மண்டிக்காரர் நகைப் பெட்டிய ஆத்துல தள்ளிட்டியாமே என்று கேட்டாள். டப்பா அதற்குள் நகைப் பெட்டி ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் ஜாஸ்தியாக வந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு தக்காளிகூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் நான். இந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் மாரண்டஹள்ளியில் மட்டுமல்ல, ஓசூர் வரைக்கும் ஒரு மண்டி வாசலில் என்னை நிற்க விடுவார்களா? ஏட்டையா இந்தக் கேள்வியை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

நிலையத்துக்கு வந்ததும், ஆற்றில் எதையும் போடவில்லை, உங்கள் கம்ப்யூட்டரில் இங்கேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று எஸ்.ஐ. சுசித்ரா மேடத்திடம் சொன்னேன். முதலாளியும் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேடம் அனுமதித்தார். பாஸ்வேர்டை எழுதிக்கொள்ள ஏட்டையா பேனாவைத் திறந்தார், அதை எழுதக்கூடாது என்று சொல்லி நானே அடித்தேன். இன்பாக்ஸில் இல்லாத அத்தனை மெயிலும் வரிசையாக வந்து நின்றது. முதலாளி எழுந்து வந்து, ஆத்துல இருந்து எப்படி எடுத்தே என்று கேட்டார்.

அதன் பிறகு சோஹைல் மெயிலைத் தேடினோம். மேடம் ‘கிரீன்’ என்று இங்கிலீஷில் போட்டுப் பார்த்தார், வரவில்லை. சோஹைல் தமிழில் எழுதுகிறவர் என்று சொல்லி நான் ‘பச்ச’ வரைக்கும் அடித்துத் தேடினேன். மூன்று மெயில் வந்தது. புதியது மேலே, பழையது கீழே. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஏட்டையா விசாரணை அதிகாரி என்ற முறையில் மூன்றையும் சத்தமாகப் படித்துவிட்டார்.

முதலாவது சோஹைல் போட்டது. தக்காளி பழுத்தது வேண்டாம், பச்சையா அனுப்புங்க என்று தேதியோடு இருந்தது. அதை அங்கிருந்தே பெங்களூருக்கு அனுப்பினேன். முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டார்.

இரண்டாவது நான் போட்டது. முன்பு எங்களிடம் வேலை பார்த்த என் சிநேகிதி ஹீனாவுக்கு சித்திரை மாதத்தில் மண்டி மெயிலிலிருந்தே எழுதியிருக்கிறேன். ‘இந்த ஆளு வாயத் தொறந்தா பச்சப் பொய்டி. லீவு கேட்டா செவுடு, லாரி ஹாரன் அடிச்சா மட்டும் காது கேக்குது’ என்று இருந்தது. நிலையத்தில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நான் எழுதியதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். எழுதினவரே நினைத்தாலும் அழிக்க முடியாது என்று அன்றைக்குத் தலையாட்டியதும் நான்தான்.

மூன்றாவதை ஏட்டையா படிக்க ஆரம்பித்ததும் முதலாளி, அது வேண்டாங்க, அத நான் அப்பவே அழிச்சிட்டேனே என்று எழுந்தார். தை மாதம் ஓசூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேரில் பார்த்து நன்றாகப் பேசி அனுப்பினார்கள். அதன் பிறகு பேச்சே இல்லை. என் முகராசி என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தக் கிடங்குக்காரர்கள் என்னைப் பற்றி விசாரித்ததற்கு முதலாளி போட்ட பதில்தான் அது. ‘ஐயா, பச்சையாவே சொல்றேன், சோபனாவ எடுக்காதீங்க. வாய் ஜாஸ்தி. கணக்கும் வராது.’

வாய் ஜாஸ்தி என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கு வராது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. இதை ஏட்டையா குறிப்பாக எழுதிக்கொண்டார்.

முதலாளி தரையைப் பார்த்தபடி சொன்னார்: “நீ போயிட்டீன்னா மண்டியில எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா.”

அதற்கு நான், அதை அவர்களுக்கு எழுதியிருக்கலாமே, எனக்கே சொல்லியிருக்கலாமே, பொய்யை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். புகாரையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வாயால் வேண்டாம், நாளைக்கு அருவிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பீர்கள், மெயிலில் போடுங்கள் என்றேன். மேடமும் அதுதான் சரி என்றார்.

அதன் பேரில் முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், மண்டி மெயிலிலிருந்து இரண்டு மெயில் அடித்தார். முதலாவது வியாபாரிகள் எல்லோருக்கும். ‘சோபனா ஆத்துல எதையும் போடல. தப்பா கேட்டது என் காது’ என்று இருந்தது. காது என்ற வார்த்தையை அடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. இரண்டாவது ஓசூர் கிடங்குக்கு. ‘முன்னாடி எழுதினது பொய்ங்க. இவங்களுக்குக் கணக்கு என்னைவிட நல்லா வரும்’ என்று அடித்துவிட்டு விரலைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். இத அனுப்பிட்டா நீ போயிடுவியா என்று கேட்டார். அது என் இஷ்டம், அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.

அவர் அனுப்பியது ஆர்க்கைவில் ஏறிவிட்டதா என்று திறந்து பார்த்தேன், ஏறியிருந்தது. ஓசூருக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. பெங்களூர் கம்பெனி தப்பு தங்களுடையது என்று பதில் போட்டு மறுபடியும் லோடு கேட்டிருப்பதால், நாளைக் காலை மண்டிக்குப் போகிறேன். இனி முதலாளியிடம் எதைச் சொன்னாலும் வலது பக்கம் நின்றுதான் சொல்வேன்.

இதில் உள்ளது எல்லாம் நானாகச் சொன்னது, ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஏட்டையா படித்துக் காட்டினார், இரண்டு எழுத்துப் பிழையை நான் திருத்தினேன், மற்றபடி சரியே. இதன் நகல் ஒன்றை மண்டி மெயிலுக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சோபனா, பி.காம்.

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. நகல் மெயிலில் அனுப்பப்பட்டது.
(ஒப்பம்) கலைவாணன், தலைமைக் காவலர்