எதிரெதிராய் இரண்டு சுபர்கள்

— அப்போ சேராதுங்கிறீங்களா, குருஜி?

— அவசரப்படாத, புனிதா. பேரு, தேதி ஒண்ணுமில்லாம வெறும் ரெண்டு கட்டத்தைக் கொண்டாந்திருக்க. மத்த ஜோசியக்காரன் திணறிருவான். ஈப்போவுல எனக்கு மட்டும்தான் கட்டமே பேசும்.

— தெரியும்லா. கீழ என் சாப்பாட்டுக் கடை போர்டை மறைச்சுக்கிட்டு குருஜி சன்னாசின்னு பேர் போட்ட உங்க பேனரும் அதைத்தானே சொல்லுது. விஷயத்துக்கு வாங்க, உங்களுக்குப் பொட்டலமா புங்குஸ் பண்ணிக் கொண்டாந்த சோறு ஆறுது.

— ஆம்பளையோட குரு இங்க. பொம்பளையோட சுக்கிரன் நேர் எதிர்ல. ஏழாம் பார்வை. கொஞ்சம் கடுமைதான்.

— ரெண்டும் நல்ல கிரகம்தானே? நல்லவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டா என்ன கெட்டுப்போகும்?

— நல்லதே அளவு மீறிப் போயிடும். அவளுக்குச் சங்கடம் வேணாம்னு அவன் கேக்கமாட்டான். அவனுக்குப் பாரமா இருக்கக்கூடாதுன்னு இவ சொல்லமாட்டா. மரியாதையிலேயே காலம் போயிடும்.

— போயிடுச்சு. அவருக்குச் சம்சாரம் தவறி ரொம்ப நாளாச்சு. இவ கல்யாணமே பண்ணிக்கல. இந்த வயசுல வாயைத் தொறந்தா ஊரு சிரிக்குமோன்னு பயப்படுறா. நீங்க சேராதுன்னா விட்டுடுவா.

— விடவேணாம்னு சொல்லு. தப்பு அந்த ஆளு மேல. வாக்கு வீட்டுல சனி பாரு. ஊருக்கெல்லாம் மணிக்கணக்கா பேசுவான், தன் மனசுல இருக்கிறது மட்டும் வெளிய வராது. சரியான மடையன்.

— பாவம், அவ்வளவு திட்டாதீங்க. பரிகாரம் என்ன?

— விளக்கும் வேணாம், எள்ளும் வேணாம். அவளே கேக்கட்டும். இல்லேன்னு சொல்ல அவனால முடியாது. எனக்குக் குரு உச்சம், என் வாக்கு தப்பாது.

— அந்த உச்ச குருவை எதை வெச்சுக் கணிச்சீங்க? ஐசி கார்டுல போட்ட பொறந்த தேதியா?

— வேற எதை வெக்கிறது?

— பீடோர் பக்கம் நம்ம ரப்பர் தோட்டத்துல, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி தனக்கு நேரம் கெடைச்சப்பதானே பொறப்பு பதிவாரு. உங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தது எங்கம்மா. நீங்க நெசமா பொறந்த நாளும் நேரமும் எனக்குச் சொல்லிட்டுத்தான் போனாங்க.

— அதுக்கு இப்ப என்ன?

— அதைப் போன்ல போட்டு எடுத்த கட்டந்தான் உங்க கையில இருக்கு. பக்கத்துல இருக்கிறது என்னோடது. கேக்கச் சொல்லிட்டீங்க, கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா, சன்னாசி?