கல்யாண வாய்ப்பு இழப்பு

"ஹலோ... ஹலோ, அக்கா, கேக்குதா?... ஆமா, கோர்ட்டுலதான் இருக்கேன்... அழுவல. சிரிக்கிறேன்... சிரிப்புதான்க்கா இது. இரு, மூச்சு வாங்கிக்கிறேன்."

விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்துப் புங்க மரத்தடியில், நல்ல காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றாள் காவியா. செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். லாரி இடித்து இடது கால் குட்டையாகிப் போனதற்கு நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கில் இன்று சாட்சி விசாரணை. கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட அக்கா வளர்மதி அங்கே இருப்புக் கொள்ளாமல் தவிப்பாள் என்று தெரியும். தெரிந்தும் இவளுக்குப் பேச்சு கோவையாக வரமாட்டேன் என்றது.

"... போச்சுதான். பாதி போச்சு... சொல்றேன், சொல்ல வுடு. வலிக்குத் தனியா, வேலைக்குப் போவாததுக்குத் தனியா, ஊனத்துக்குத் தனியான்னு கேட்டிருக்குது இல்ல... ஆமா, ஆமா. அதுல கடைசி, கல்யாண வாய்ப்பு இழப்பு... அதேதான். அதுக்குத்தான் சாட்சி வேணும்னு எதுத்த வூட்டு வளவன கூட்டியாந்தாங்க... சூளையில வேல பாக்குறவருதான், வேற எந்த வளவன்? பெண்ணாடத்துக்காரங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நாற்காலி எடுத்தாந்து போட்டாரே... ஆங். நான் காப்பித் தட்டோட நொண்டிக்கிட்டு வந்ததும் அவங்க எழுந்து போனத அவருதான கிட்ட இருந்து பாத்தாரு."

"... மொதல்ல நல்லாத்தான் சொன்னாரு. கால பாத்துட்டுதான் எழுந்தாங்கன்னாரு. அப்பறம் இன்சூரன்ஸு வக்கீலு எழுந்தாரு. ஒரு எடம் தட்டிப்போனா வாய்ப்பே போயிடுச்சா, இந்தப் பொண்ண கட்டிக்க இந்த ஊருல ஒருத்தருமே இல்லன்னு உன்னால சொல்ல முடியுமான்னு கேட்டாரு... இவரு என் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு. ஜட்ஜு ஐயா, பதில் சொல்லுங்கன்னாரு... அக்கா, 'அப்படிச் சொல்ல முடியாதுங்க, நான் இருக்கேன்'னு சொல்லிட்டாரு."

அக்கா என்ன கத்தினாளோ, காவியா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"... கூண்டுல நின்னுக்கிட்டுதான்... ஆமா, நம்ம பக்கத்துச் சாட்சி... டைப்பும் அடிச்சிட்டாங்க. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நம்ம வக்கீலம்மா மட்டும் தலையில கைய வச்சுக்கிட்டாங்க. இவரு அதோட வுட்டாரா, 'கேக்கத்தாங்க தைரியம் வரல'ன்னு அதையும் சொல்லிட்டுத்தான் எறங்குனாரு."

மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைகால் புரியாத சந்தோஷம். டீ கொண்டுபோன ஆள் திரும்பிப் பார்த்தபோதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"... என்ன பண்ணப் போறேன்னுதான் வக்கீலம்மாவும் கேக்குறாங்க. மத்தியானம் என்னைய திரும்பக் கூண்டுல ஏத்துவாங்களாம். அவர கட்டிக்கிற எண்ணம் எனக்கு இல்லன்னு சொல்லிட்டா அந்தத் தொகை நிக்குமாம். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்னுட்டாங்க... தெரியும்க்கா. கால்ல வச்சிருக்குற தகட ஆப்பரேசன் பண்ணி எடுக்குறதுக்கு அந்தப் பணம் வேணும்னு எனக்குத் தெரியாதா..."

சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"... இல்ல, நீ கேளு. கால் வலி நெசம். அதுக்கு ஒரு பைசா வுட மாட்டேன். ஆனா இனிமே இவள யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு எழுதி, அத வாய்தாவுக்கு வாய்தா படிச்சுப் படிச்சு... நானும் நம்பிட்டேன்க்கா. பொண்ணு பாக்க வர்றதா ஒருத்தர் சொன்னாகூட ஒடம்பு கூசிப்போச்சு. அந்த நஷ்டத்த யாருகிட்ட போய்க் கேக்குறது?... நீ ஏன் அழுவுற? அழுவாத... புடிச்சிருக்கான்னா கேக்குற? புடிக்காமலா இப்படிச் சிரிக்கிறேன்... எப்ப இருந்தா? அத நேர்ல வந்து சொல்றேன். இரு, இரு, வக்கீலம்மா வர்றாங்க."

வக்கீல் அன்பரசி கையில் கேஸ் கட்டோடு வந்து நின்றார். காவியா போனை வைக்கவில்லை.

"மேடம், அந்தக் கடைசித் தொகைய, கல்யாணத்துக்குக் கேட்டத அடிச்சிடுங்க... நல்லா யோசிச்சுதான் சொல்றேன் மேடம்... கொறஞ்சா கொறையட்டும்... கால் விஷயத்த மட்டும் வுட்டுடாதீங்க, நல்லா வாதாடுங்க."

அன்பரசி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். திட்டுவதற்கு வாயெடுத்தவர் முகம் பாதியிலேயே சிரித்துவிட்டது.

"... ஹலோ, கேட்டுதா?... ஆமா, கோடு போட்டாச்சு... அவரா? பைக் நிறுத்துற எடத்துல நிக்கிறாரு. கேஸ கெடுத்துப்புட்டோம்னு மொகம் செத்துப் போயிருக்குது, நிமுந்துகூட பாக்கல... இல்லக்கா, சொல்லல. ஒங்கிட்ட சொல்லிட்டேன், வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டேன், அவருகிட்டதான் இன்னும் சொல்லல... ஆமா, ஆமா, போறேன், நீ மொதல்ல போன வையி."