அம்மா அழாத காட்சி

கிரானில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டில் தாள்கட்டை மடியில் வைத்திருந்த இரண்டு பொடியன்களில் ஒருவன் மற்றவனிடம், "உன்ட அம்மாவ அழவைக்காம விடமாட்டன்" என்றான். ஐந்தாம் வகுப்போடு நின்று இரண்டு அரிசி ஆலை கட்டியவன் நான். சண்டையை முதல் சொல்லிலேயே பிடித்துவிடுவேன். இது திரைக்கதைச் சண்டை.

"நாலு குறும்படம் எடுத்தவன் சொல்றன். புருசன் வாவியில மூழ்கிச் செத்தா பொண்டாட்டி அழோணும்."

"அண்டைக்கு அம்மா அழல்ல மச்சான். அப்பாவத் தேடப் போன தோணிக்காரருக்குச் சோறாக்கினவ."

"முதல்முதலா எழுதுற நீ எனக்குப் படிப்பிக்கிறியா? மட்டக்களப்பில இறங்கினதும் குறும்படப் போட்டிக்கு இதக் குடுக்கோணும்."

மற்றவன் பேனையை எடுத்து, முதல் பக்கத்தில் தன் பெயரை வெட்டினான்.

"அப்ப தனியக் குடு. அம்மா படம் பாக்கக்குள்ள என்ட பேர் இருக்கப்படாது."

நாலு படம் எடுத்தவன் பேனையைப் பறித்து, அம்மாவின் காட்சி இருந்த பக்கத்தைப் புரட்டினான். பிறகு கேட்டான்:

"அண்டைக்கு என்ன கறி வெச்சவ?"