காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்?

மேடையின் நடுவே அமர்ந்து, இந்தக் கிழவி பேச்சை எப்போது முடிப்பாள் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவர் அவர்களே, அறுக்கிற கத்தியாலும் ஆற்றுகிற கையாலும் ஆயிரம் வாயில்லாச் சீவன்களை வாழவைத்த தலைமைக் கால்நடை மருத்துவரே, வணக்கம். என்னைவிட மூத்தவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு என் முதல் வணக்கம்; யாரும் இல்லையென்றால் அதை நானே வைத்துக்கொள்கிறேன். பிள்ளையை இடுப்பிலும் பூனையைக் கூடையிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் கைகட்டி நிற்கும் வண்டிக்காரத் தம்பிகளே, நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு யார் பேசினால் எனக்கென்ன என்று கண்மூடியிருக்கும் நாலுகால் நண்பர்களே, எல்லோருக்கும் என் அன்பு.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் என் வீட்டில் படிப்புக்குப் பஞ்சமில்லை. மூத்த பேத்தி இதய மருத்துவர். நிற்கப்போன எத்தனையோ இதயங்களை ஓடவைத்தவள். அடுத்தவன் பாலம் கட்டும் பொறியாளன். அவன் கட்டிய பாலத்தில் லாரிகள் சாரைசாரையாகப் போகின்றன, ஒரு திருகாணிகூட முனகுவதில்லை. மூன்றாமவள் விமானம் ஓட்டுகிறாள். சின்ன வயதில் மாடிப்படி இறங்கவே அழுதவள் அவள். கடைக்குட்டி நீச்சலில் நான்கு பதக்கம் வாங்கியிருக்கிறான். ஐந்தாவதும் வந்திருக்கும், காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் இல்லாதது ஒரு வக்கீல்தான். அந்தக் குறையும் போன வருடம் தீர்ந்தது.

காப்பகத்தில் புதிய கூண்டு வரிசையைத் திறக்கும் விழாவில் இந்தப் பாட்டிக்குக் குடும்பப் பெருமை எதற்கு என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வது எனக்கும் கேட்கிறது. ஐயா, எனக்கு முழங்கால்தான் சரியில்லை, காது நன்றாக இருக்கிறது. பொறுங்கள். இதே பட்டியலை, இதே வரிசையில், போன வருடம் இந்தக் கட்டடத்தின் முன்மேசையில் ஒப்பித்தவள் நான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இன்றைக்கு உங்களுக்குத் தர வந்திருக்கிறேன்.

கடைக்குட்டியின் பிறந்தநாளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்க இங்கே வந்தேன். முன்மேசையில் இருந்த பெண் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாளே, அவள்தான்.

"யாருக்கும்மா நாய்க்குட்டி?"

"பேரனுக்கு. பிறந்தநாள் பரிசு."

"பரிசாக் கொடுக்க நாங்க தர்றதில்லம்மா. யார் வளர்க்கப்போறாங்களோ அவங்க வந்து அதைப் பார்க்கணும். அதுவும் அவங்களைப் பார்க்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறாய் பெண்ணே என்று பட்டியலை எடுத்துவிட்டேன். மருத்துவர், பொறியாளர், விமானி, பதக்கம். அவள் கன்னத்தில் கைவைத்து முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்மா. இவங்கள்ல காலையில பத்து மணிக்கு வீட்டில யார் இருப்பாங்க?"

சொல்லுங்கள், யார் இருப்பார்கள்? அறுவை அறையில் ஒருத்தி, ஆற்றின் நடுவே ஒருவன், ஆகாயத்தில் ஒருத்தி, தண்ணீருக்குள் ஒருவன். ஊரே மெச்சும் பேரப்பிள்ளைகள், ஆனால் பத்து மணிக்கு அந்த வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரமும் நானும்தான்.

"நான் இருப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப உங்களுக்குத்தான் பார்க்கணும், வாங்க" என்று உள்ளே அழைத்துப்போனாள்.

அன்றைக்குத்தான் இந்த இடம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் கண்டேன். வந்திறங்கும் எந்தச் சீவனையும் இங்கே திருப்பி அனுப்புவதில்லை. முதலில் தனியறை, எடை, பல், கண், காய்ச்சல் எல்லாம் பார்க்கிறார்கள். பிறகு சிவப்பு அட்டை வரிசை; அங்கே இருப்பவை தம் வீட்டார் வருவார்கள் என்று காத்திருப்பவை. ஏழு நாள் அவகாசம். யாரும் வராவிட்டால் பச்சை அட்டை. யாராவது வரட்டும் என்று காத்திருக்கும் வரிசை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியின் நீளம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பச்சை வரிசையில் ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்த ஏழு வயது நாய் ஒன்று, தண்ணீர் வாளியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. கூண்டு கழுவும் பெண்மணி, எல்லோரும் வாளியக்கா என்று கூப்பிடுவார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இவன்கிட்ட மட்டும் வாயைக் கொடுக்காதீங்க பாட்டி. சோறு வச்சா ஏன் வச்சேன்னு கேப்பான். தட்டை எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பான்."

"அப்ப வக்கீல்னு சொல்லு" என்றேன். அவன் குரைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான். வழக்கு அங்கேயே முடிந்தது; அதுவே அவன் பெயராகவும் ஆனது.

கையெழுத்துப் போடுமுன் விதிகளைச் சொன்னார்கள். கருத்தடை இங்கேயே செய்தாயிற்று. வருடம் தவறாமல் தடுப்பூசி. தெருவில் இறங்கினால் கையில் கயிறு, பையில் பை. அவன் போட்டதை நாம்தான் எடுக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் எண் பொறித்த தகடு எப்போதும் இருக்க வேண்டும். தொலைந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். சரியில்லையென்றால் திரும்ப அழைத்துப்போவார்கள். கடைசியாக, புது வீட்டில் எடுத்த படம் ஒன்றை வாசல் பலகையில் ஒட்டத் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தொலைபேசி எண் எழுதும் கட்டத்தில் மட்டும் என் எண்ணை எழுதவில்லை. மருத்துவர் எண் என்றால் மதிப்பாக இருக்குமே என்று மூத்த பேத்தியின் எண்ணை எழுதினேன். படித்தவர்கள் செய்யாத தவறு அது. பெருமை பிடித்தவர்கள் செய்கிற தவறு.

அடுத்த தவறு படத்தில் வந்தது. பலகையில் ஊரே பார்க்கப்போகிறதே, சும்மா விடலாமா? ஒரு திங்கட்கிழமை பிற்பகல், குளிப்பாட்டி, சீவி, ஸ்டூடியோவுக்கே அழைத்துப்போனேன். போட்டோக்காரர் கண்ணைச் சுருக்கினார். "பாட்டி, அந்தத் தகடு லைட்டுல பளிச்சுன்னு அடிக்குது. கழட்டிடுங்க, ஒரு நிமிஷம்தானே." கழற்றினேன். விமானி பேத்தி பள்ளிக்கூடம் போனபோது பின்னலில் கட்டிய சிவப்பு ரிப்பனை அவன் கழுத்தில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, கண்பட்டுவிடப் போகிறதே என்றுகூட நினைத்தேன். பளிச்சென்று விளக்கு வெட்டியது. வெளியிலிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள். அவ்வளவுதான். என் கையில் பட்டை இருந்தது, நாய் இல்லை.

அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சத்தமாகச் சொல்லுங்கள். ஆம் தாயே, காப்பகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிந்தது. சொன்னால் இவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பறித்துக்கொள்வார்களே என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. இருட்டும்வரை தெருத்தெருவாகக் கூப்பிட்டேன். நல்ல வேளை, அன்று பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு உண்மையான வக்கீல் ஒருவர் மட்டும்தான் வெளியே வந்தார்.

மறுநாள் வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் காப்பகத்தின் நீலச் சட்டை. "அம்மா, காப்பகத்திலேருந்து வந்திருக்கோம்." சோதனைக்கு வந்துவிட்டார்கள், காட்ட நாய் இல்லையே. திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றேன். போய்விட்டார்கள். வியாழக்கிழமை மறுபடி வந்தார்கள், மறுபடி ஒளிந்தேன். கதவுக்கு அடியில் ஒரு காகிதத்தைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதை மடித்தபடியே சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும். அன்றைக்குப் படிக்கத்தான் தைரியம் இல்லை.

ஞாயிறு இரவெல்லாம் யோசித்தேன். ஒளிந்துகொண்டே ஒரு நாயைத் தேட முடியுமா? திங்கள் காலை பட்டை, கயிறு, தட்டு, காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து அதே முன்மேசையில் வைத்தேன்.

"அவனைத் தொலைச்சிட்டேன்மா. தகட்டைக் கழட்டினது நான்தான். இதெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. அவன் கிடைச்சா நல்ல இடமாப் பார்த்துக் கொடுங்க."

அவள் பையைத் திறக்கவில்லை. உள்ளே போனாள். எனக்குத் தெரிந்த குரல் ஒன்று நடைபாதை முழுவதும் வாதாடிக்கொண்டே வந்தது. கழுத்தில் அதே ரிப்பன். அதே இரட்டை முடிச்சு.

தொலைந்த அன்று மாலையே வண்டிக்காரத் தம்பி அவனைச் சந்தைக்குப் பின்னால் கண்டு கூட்டி வந்திருக்கிறார். தோலுக்கு அடியில் இவர்கள் முன்பே வைத்திருந்த, அரிசிமணி அளவு சிப்பைக் கருவியால் படித்து, விண்ணப்பத்தை எடுத்து, எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேத்தி அறுவை அறையில் இருக்கிறாள், யார் எடுப்பது? அதனால்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவனைக் காணோமா என்று கேட்க அல்ல, அவன் கிடைத்தான் என்று சொல்ல. நான் படிக்காமல் வைத்த காகிதத்திலும் அதுதான் எழுதியிருந்தது.

"ரெண்டு தடவை வந்தோம்மா. திரைச்சீலை அசைஞ்சது, பார்த்தோம்."

"ஏன்மா கதவைத் தட்டி உடைக்கல?"

"வேண்டாம்னு விட்டுட்டீங்களோன்னு நினைச்சோம். இன்னைக்கு ஏழாம் நாள். சாயங்காலம் பச்சை அட்டை மாட்டியிருப்போம். அவனைப் பார்க்க நாளைக்கு ஒரு குடும்பம் வர்றதா இருந்தது. வாளியக்காதான் ஒத்துக்கவே இல்ல."

வாளியக்கா அந்த ரிப்பனை நடுவில் கழற்றித் துவைத்து, காயவைத்து, மறுபடி அதே மாதிரி கட்டியிருக்கிறார். நான் ஏனென்று கேட்டதற்கு, "இவ்வளவு பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்ட கை தேடாம இருக்காது பாட்டி. வரும்போது அடையாளம் வேணாமா?" என்றார்.

அவையோரே, அன்றைக்கு அவனைப் பறித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது. பறிக்கவில்லை. புதிய விண்ணப்பத்தை நீட்டி, எண் எழுதும் கட்டத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள் அந்தப் பெண். "டாக்டரம்மா நல்லா இருக்கட்டும். பத்து மணிக்குப் போனை எடுக்கிறது யாரு?" என் எண்ணை எழுதினேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், கட்டத்துக்குள் அடங்காமல், பெரிது பெரிதாக எழுதினேன்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அழகுக்காகத் தகட்டைக் கழற்றலாமா? அந்தஸ்துக்காக அடுத்தவர் எண்ணை எழுதலாமா? தொலைத்துவிட்டோம் என்ற வெட்கம் தொலைந்தவனைவிடப் பெரிதா? அவன் உங்களிடம் கேட்பது பட்டம் அல்ல, பதக்கம் அல்ல, பங்களா அல்ல. ஊசி போடும் நாளை மறக்காத ஒருவர், கயிற்றை விடாத ஒருவர், கூப்பிட்டால் எடுக்கிற ஒருவர், கதவு தட்டினால் திறக்கிற ஒருவர். அந்த ஒருவராக இருக்க ஐந்தாம் வகுப்புப் போதும் ஐயா, அதற்குக் கீழேயும் போதும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். "நேரம்" என்று எழுதியிருக்கிறது. இந்தக் காகிதத்தை உடனே படித்துவிட்டேன், பார்த்தீர்களா.

தூணுக்குப் பின்னால் இருக்கும் மகளே, என் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. அதை நம்பி ஏமாறாததற்கு அதைவிட நன்றி. வண்டிக்காரத் தம்பி, கடித்தாலும் கனிவோடு தூக்கும் உன் கைக்கு நன்றி. மருத்துவரம்மா, உங்களுக்கு நன்றி சொல்ல அவனே வந்திருக்கிறான், மேடைக்குக் கீழே குரைப்பது அவன்தான். வாளியக்கா, நான் என்னையே நம்பாத ஏழு நாளும் என் முடிச்சை நம்பினவளே, அந்த ரிப்பன் இனி உன் வாளிக் கைப்பிடியில் இருக்கட்டும். எல்லோருக்கும் கைகூப்பி வணங்குகிறேன்.

இறங்குமுன் ஒரு விண்ணப்பம். வாசல் பலகையில் இன்னும் அந்த ஸ்டூடியோ படம்தான் இருக்கிறது. ரிப்பனோடு, தகடு இல்லாமல். அதை எடுத்துவிடுங்கள். இதோ புதுப்படம். எதிர்வீட்டுக்காரர் போனில் எடுத்தது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவன் ஒரு காதும் மடிந்துதான் இருக்கிறது. ஆனால் தகடு பளிச்சென்று அடிக்கிறது, அதில் என் எண் தெளிவாகத் தெரிகிறது. யாருக்காவது சந்தேகம் என்றால் நாளைக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். இந்தப் படத்தை ஒட்டுங்கள் அம்மா, நான் பார்த்துவிட்டுப் போகிறேன்.