மாதுளைத் தொட்டியில் களிமண்

— இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிடி. தொட்டியா இது? ஆட்டுக்கல்லு மாதிரியில்ல கனக்குது!

— மெதுவாக்கா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது. மழை பேஞ்சு மண்ணு இறுகியிருக்கும்.

— மழையாவது ஒண்ணாவது. காலையில ஊத்தின தண்ணி இன்னும் மேலயே நிக்குது பாரு. வேரு மூச்சு விட முடியாம அழுகி, நாத்தம் குடலப் புடுங்குது.

— பேசாம விட்டுடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை வண்டி வந்துடும். நீங்க வீடு மாத்திப் போற நேரத்துல மாதுளைக்கு வைத்தியமா?

— வாயடிக்காம அந்தத் தேங்கா நார்த்தூள எடு. மக்கின எருவையும் கொட்டு. ஐயய்யோ, மணல் வேணாம்டி! களியோட சேர்ந்தா செங்கல்லாயிடும்.

— சரிக்கா.

— ஆமா, நான் கலந்து வெச்ச மண்ணு பொலபொலன்னு இருந்துச்சே. இந்தக் கருப்புக் களி எங்கேருந்து வந்துச்சு?

— எனக்கென்னக்கா தெரியும்.

— பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துல தோண்டிப் போட்டிருக்கறது இதே மண்ணுதான். எங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அட, ஏண்டி அழற?

— நான்தான்க்கா போட்டேன். நீங்க மத்தியானம் தூங்கறப்ப பழைய மண்ண அள்ளிட்டு, களிய வாளி வாளியா மாடிக்குக் கொண்டாந்து, குத்திக் குத்தி இறுக்கினேன்.

— அடிப்பாவி! இந்த மரம் உனக்கு என்னடி பண்ணுச்சு?

— இது இல்லாம எங்கயும் போகமாட்டேன்னு நீங்கதானே சொல்வீங்க. நாலு பேரு சேர்ந்தாலும் தூக்க முடியாதபடி பண்ணிட்டா இங்கயே இருந்துடுவீங்கன்னு நெனச்சேன். மரம் சாகும்னு சத்தியமா தெரியாதுக்கா.

— அவங்கவங்க ஓரகத்தி எப்படா தொலைவான்னு காத்துக்கிட்டிருக்காளுங்க. நீ என்னடான்னா...

— இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து எனக்கு நீங்கதான்க்கா எல்லாம். கட்டினவர்கிட்ட சொல்லாததக்கூட உங்ககிட்டதானே சொல்றேன்.

— சரி, கண்ணத் தொடச்சுக்க. மண்ண மெதுவா உதிர்த்துவிடு, அழுகின வேர மட்டும் வெட்டு. இதோ, வெள்ளை வேரு இருக்கு. பொழைச்சுக்கும்.

— பொழைச்சதும் தூக்கிட்டுப் போயிடுவீங்க.

— இத்தனை வாளி களிமண்ண மாடிக்குச் சுமந்தியே, 'போகாதீங்கக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையாடி உனக்கு?

— சொன்னா மட்டும் இருந்துடுவீங்களாக்கும்?

— நாங்க உங்களுக்கு இடைஞ்சலோன்னு நெனச்சுத்தான் வேற வீடே பார்த்தோம். அந்த வார்த்தை வருமா வருமான்னுதான் ஞாயித்துக்கிழமைக்கு வண்டிக்காரனுக்கு இன்னும் சொல்லாமலே வெச்சிருக்கேன்.